எருமையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: கால்நடைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை, பால்வளத் துறை ஆகியவற்றின் மாண்புமிகு அமைச்சர்கள், அரசுச் செயலாளர், இயக்குநர்கள். மடலின் பிற்பகுதி வனத்துறைக்கும் உரியது.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

அந்தியூர் வட்டத்தில், பர்கூர் மலை கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கும் ஓர் ஊரில், எருமை கட்டிய வீட்டில் பிறந்து, அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் கட்டுத்தரையில் ஒரு காலத்தில் நான்கு எருமைகள் நின்றன. கடைசி எருமையை விற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசி முடித்த பிறகு, வண்டியில் ஏற மறுத்து நான்கு காலையும் ஊன்றி நின்ற அந்த எருமையை ஏற்றிவிட்டது என் தாயார்தான். கழுநீர்க் குண்டாவை வண்டியின் உள்பக்கமாக வைத்துவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். அது தவிட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறியது. அதற்குப் பின் பல நாள் அவர் அந்தக் குண்டாவைத் தொடவில்லை.

வீட்டுத் துயரம் ஒன்றைச் சொல்லிக் கண்ணீர் வரவழைப்பது இந்த மடலின் நோக்கம் அல்ல. அந்த எருமை ஏன் விற்கப்பட்டது என்பதைச் சொல்வதற்காகவே எழுதுகிறேன். அது நல்ல கறவையில், மூன்றாம் ஈற்றில் இருந்தது. பால் குறைந்தோ, நோய் கண்டோ, தீனிக்கு வழியில்லாமலோ அதை நாங்கள் விற்கவில்லை. அது படுத்துக் கிடந்த குட்டை மூடப்பட்டது. அதைச் சினைப்படுத்த ஒரு கடா சுற்றுவட்டாரத்தில் கிடைக்கவில்லை. அதன் பாலுக்கு உரிய விலை தர ஆளில்லை. இந்த மூன்றும் எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

உங்கள் துறை கையில் இருக்கும் எண்களையே உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2007ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்குச் சற்று மேல் இருந்த எருமைகள், 2012இல் 7.80 இலட்சமாகக் குறைந்தன. 2019இல் எடுத்த 20ஆவது கணக்கெடுப்பில் 5.19 இலட்சமே எஞ்சின. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. மழை பொய்த்தது, மேய்ச்சல் நிலம் சுருங்கியது, இளைஞர்கள் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாக் கால்நடைக்கும் பொதுவானவை. ஆனால் 2012க்கும் 2019க்கும் இடையில் இதே மாநிலத்தில் பசுவினம் 88 இலட்சத்திலிருந்து 95 இலட்சமாகவும், வெள்ளாடு 81 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 99 இலட்சமாகவும் பெருகியிருக்கின்றன. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும் எருமை குறையவில்லை, 10.87 கோடியிலிருந்து 10.98 கோடியாகச் சற்றுக் கூடியே இருக்கிறது. வானமும் நிலமும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க, இந்த மாநிலத்தில் பசுவும் வெள்ளாடும் பெருகி, எருமை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்றால், காரணத்தை அதை நடத்திய விதத்தில்தான் தேட வேண்டும்.

முதலில் தண்ணீர். எருமையின் தோல் கறுத்துத் தடித்தது, வெயிலை வாங்கிக்கொள்ளும். உடற்சூட்டை வெளியேற்றும் வியர்வைச் சுரப்பிகளோ நாட்டுமாட்டுக்கு இருப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே நடுப்பகலில் அது தண்ணீரையோ சேற்றையோ தேடிப் போவது சோம்பலால் அல்ல, உயிர் பிழைப்பதற்காக. 'எருமைமாட்டின் மேல் மழை பெய்தாற்போல' என்று சொரணையற்றவர்களைச் சொல்கிறோம். மழையில் அசையாமல் நிற்கும் எருமையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சொரணையின்மை இல்லை என்று தெரியும். காதுகள் இரண்டும் தளர்ந்து தொங்க, கண்ணைப் பாதி மூடி, முதுகுத்தண்டின் வழியாகத் தண்ணீர் இறங்குவதை அது முழுவதுமாக அனுபவித்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் வெந்து போன தோலுக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை. பழமொழியைச் செய்தவர் திண்ணையில் இருந்திருக்கிறார் போலும்.

எங்கள் ஊர்க் குட்டையில் காலை பத்து மணிக்கு இறங்கும் எருமைகள், மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரிய மூன்று மணிவரை கிடக்கும். அந்தக் குட்டையைத் தூர்வாரினார்கள். அது நல்ல காரியம்தான். தூர்வாரிய கையோடு கரையைச் செங்குத்தாக வெட்டி, கருங்கல் பதித்து, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, நடைபாதையும் இருக்கையும் அமைத்துவிட்டார்கள். மாலையில் பெரியவர்கள் நடக்கிறார்கள். எருமை இறங்குவதற்கு மட்டும் வழியில்லாமல் போயிற்று. நீர்நிலைகளைச் சீரமைக்கும் எந்தத் திட்டத்திலும், ஒரு பக்கக் கரையைக் கால்நடைகள் இறங்கிச் செல்லச் சரிவாக விட வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதற்குத் தனி நிதி எதுவும் தேவைப்படாது. அந்த வரியைக் கேட்டுப் பெறும் பொறுப்பு உங்கள் துறையுடையது. ஊரகத் துறையிலோ நீர்வளத் துறையிலோ எருமைக்காகப் பேச யாரும் இல்லை.

இரண்டாவது, சினை. பசு பருவத்துக்கு வந்தால் ஊருக்கே தெரியும். விடாமல் கத்தும், மற்ற மாடுகள் மேல் தாவும், அறுத்துக்கொண்டு ஓடும். எருமை அப்படி இல்லை. அதன் பருவத்தைக் கால்நடை மருத்துவர்கள் 'ஊமைப் பருவம்' என்று சொல்வது மிகப் பொருத்தமான பெயர். பெரும்பாலும் இரவில், விடியற்காலையில், வெயில் தணிந்த மாதங்களில் சிறு அறிகுறிகளோடு வந்து, வீட்டார் கவனிக்கும் முன்பே போய்விடும். கோடையில் பலவற்றுக்குப் பருவமே வெளித்தெரியாது. இத்தகைய விலங்குக்குப் பருவத்தைக் கண்டறிந்து, கைப்பேசியில் அழைத்து, ஊசி போட வருபவர் வரும்வரை காத்திருக்கும் செயற்கைக் கருவூட்டல் முறை ஒன்றையே வழியாக வைத்தால், பாதி வாய்ப்பு தொடக்கத்திலேயே தவறிவிடும். மந்தையோடு நிற்கும் ஒரு பொலிகடாவுக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. மனிதனுக்குத் தெரியாதது அதன் மூக்குக்குத் தெரியும். பசுவைவிட ஏறத்தாழ ஒரு மாதம் கூடுதலாக, சுமார் 310 நாள் சுமக்கும் விலங்கு ஒரு பருவத்தைத் தவறவிட்டால், வீட்டார் சும்மா தீனி போடும் மாதங்கள் கூடிக்கொண்டே போகும். என் தாயார் வைத்திருந்த எருமைக்கு இரண்டு முறை ஊசி போட்டும் நிற்கவில்லை. மூன்றாவது முறை அதைப் பிடித்துக்கொண்டு கடா இருக்கும் ஊர் தேடி நடந்தபோது, அங்கே இருந்த கடாவையும் முந்தின மாதம் விற்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

பொலிகடா ஏன் இல்லாமல் போனது என்பதும் மறைக்க வேண்டிய செய்தி அல்ல. நன்செய் உழவில், குறிப்பாகச் சேற்று உழவில், அகன்ற குளம்புடைய எருமைக்கடா காளையைவிட நன்றாக நின்றது. டிராக்டரும் பவர் டில்லரும் வந்த பிறகு அந்த வேலை போயிற்று. வேலை போனவுடன் ஆண்கன்றுக்கு வீட்டில் மதிப்பு போயிற்று. பால் சுரக்கக் கன்று வேண்டும் என்பதற்காகச் சில மாதம் உயிரோடு வைத்திருந்து, காம்பில் ஒரு வாய் மட்டும் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டி, எலும்பும் தோலுமாக அது போய்ச்சேரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிற வீடுகளை நான் அறிவேன். எங்கள் வீட்டிலும் அது நடந்திருக்கிறது. ஊருக்கு ஒரு கடாக்கன்றையாவது தேர்ந்தெடுத்து, ஒழுங்காகப் பால் ஊட்டி வளர்ப்பவருக்கு மாதந்தோறும் தீவனச் செலவைத் துறை ஏற்றுக்கொண்டால், அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்துக்குப் பொலிகடா கிடைக்கும். மீதிக் கடாக்கன்றுகளின் எதிர்காலம் இறைச்சிச் சந்தையோடு தொடர்புடையது. இந்தியா வெளிநாட்டுக்கு அனுப்பும் மாட்டிறைச்சி எருமையிறைச்சிதான் என்பது அரசுக்குத் தெரியாததல்ல. இதைப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு, கன்று பட்டினியில் சாவதை மட்டும் பேசாமல் ஏற்றுக்கொள்வதில் என்ன அறம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது, பால். எருமைப்பாலில் கொழுப்பு சுமார் 7 விழுக்காடு. கலப்பினப் பசுவின் பாலில் அதன் பாதிக்குச் சற்று மேல். கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் அளந்து விலை தருவதுதான் முறை என்பதால், காகிதத்தில் எருமைக்காரருக்கு நட்டமில்லை. 2023 டிசம்பரில் அரசு கொள்முதல் விலையை உயர்த்தியபோது பசும்பால் லிட்டருக்கு 38 ரூபாய் என்றும் எருமைப்பால் 47 ரூபாய் என்றும் ஆனது. எங்களிடம் எருமை இருந்த காலத்தில் அப்படி எந்த வித்தியாசமும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததில்லை. ஊர் பெயரும் பால் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரும் வேண்டாம். அங்கே எருமைப்பாலுக்கெனத் தனிக் கேன் கிடையாது. எல்லாப் பாலும் ஒன்றாகவே ஊற்றப்பட்டு, பசும்பால் கணக்கிலேயே எழுதப்பட்டது. என் தாயார் ஒருநாள் கேட்டதற்கு அங்கிருந்த பையன் மரியாதையாகவே பதில் சொன்னான்: "ஊருக்கே உங்க எருமை ஒன்னுதானுங்க அம்மா, அதுக்குன்னு தனியா கேன் வெக்க முடியுங்களா?" அவர் திரும்பக் கேட்டார்: "ஒன்னா இருந்தா அது பாலில்லையா கண்ணு?" அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமில்லை. எருமை குறைந்ததால் கேன் இல்லை. கேன் இல்லாததால் எருமை மேலும் குறைகிறது. இந்தச் சுழலை அறுக்க வேண்டியது சங்கத்தில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் பையன் அல்ல. ஒரு சங்கத்துக்கு ஓர் எருமை என்றால், பத்துச் சங்கங்களுக்குப் பொதுவாக ஒரு வழித்தடம் வைத்து எருமைப்பாலைத் தனியே எடுக்கலாம். அதைத் தயிராகவும் நெய்யாகவும் பெயர் சொல்லி விற்கலாம்.

எருமைப்பாலை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. எருமைப்பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், குஜராத்தின் ஆனந்தில் எச். எம். தலாயா அதைச் செய்து காட்டினார். 1955இல் அங்கே அதற்கான ஆலை திறக்கப்பட்டது. வர்கீஸ் குரியன் முன்னின்று நடத்திய பால் கூட்டுறவு இயக்கம் காலூன்றியது கேடா மாவட்டத்து எருமைகளின் மேல்தான். இத்தாலியின் கம்பானியாப் பகுதியில் எருமைப்பாலில் செய்யும் மொசரெல்லாப் பாலாடைக்கட்டிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கையின் கிழக்கே மட்டக்களப்புப் பக்கம் மண்சட்டியில் உறையவைத்த எருமைத் தயிரைச் சாலையோரத்தில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் உறைந்தது. வாங்க ஆளிருந்தும், கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை.

பசுவுக்கு நடந்ததையும் எருமைக்கு நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன். 2011இல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டத்தில் கறவைப் பசுக்கள் தரப்பட்டன. ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு நான்காக ஆடுகள் தரப்பட்டன. அந்தத் திட்டத்தால் பயன்பெற்றவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். குறை சொல்ல நான் வரவில்லை. எருமைக்கு அதில் இடமில்லை என்பது மட்டுமே நான் சொல்ல வருவது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் கூடி நாட்டுமாட்டைக் காக்க வேண்டும் என்று முழங்கியபோது நானும் மகிழ்ந்தேன். காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம், ஆலம்பாடி, பர்கூர் என்று மாட்டினங்களின் பெயர்கள் முதல்முறையாக நகரத்துப் பிள்ளைகளின் வாயில் வந்தன. அந்தப் பட்டியலில் எருமையின் பெயரை ஒருவரும் சேர்க்கவில்லை. இன்று தேசிய அளவில் பதிவாகியிருக்கும், தமிழ்நாட்டுக்கே உரிய எருமை இனங்கள் இரண்டு உண்டு, ஒன்று தோடா, மற்றொன்று பர்கூர் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், கூட்டத்தில் சிலர் சிரித்திருக்கவும் கூடும்.

சிரிப்புக்குக் காரணம் நிறமா, பெயரா, எமனின் வாகனம் என்ற நினைப்பா என்று ஆராய்வது உங்கள் துறையின் வேலை இல்லை. ஆனாலும் இந்த இழிவு பழையது அன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். சிந்துவெளியின் மொகஞ்சதாரோ முத்திரைகளில் எருமை இருக்கிறது. அங்கிருந்து மெசபொத்தேமியாவுக்குச் சென்ற எருமையை அக்காத் அரசர் காலத்து உருளை முத்திரையில், தண்ணீர் குடிக்கும் கோலத்தில், மிக அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். சங்க இலக்கியத்துக்கு வந்தால், ஐங்குறுநூற்றின் மருதத்தில் ஓரம்போகியார் எருமைக்கென்றே ஒரு பத்துப் பாட்டை ஒதுக்கியிருக்கிறார். பொய்கை ஆம்பலைக் கலைக்கும் எருமை அங்கே வயல்வளத்தின் அடையாளம். கலித்தொகையில் ஆயரைப் பிரித்துச் சொல்லும்போது பசுவுடைய கோவினத்தாயர், ஆடுடைய புல்லினத்தாயர் ஆகியோரோடு எருமையுடைய கோட்டினத்தாயரும் ஒரு குடியாக நிற்கிறார்கள். எருமையூரன் என்று ஒரு குறுநிலத் தலைவனுக்கே பெயர் இருந்தது. மைசூரின் பெயரோடு அதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. மாமல்லபுரத்தில் பல்லவச் சிற்பி மகிடனைத் தோற்கும் பகைவனாகத்தான் செதுக்கினான்; ஆனால் கதாயுதத்தைப் பற்றிக்கொண்டு பின்வாங்கும் அந்த எருமைத்தலை வீரனுக்கு அவன் கொடுத்திருக்கும் கம்பீரத்தைப் பாருங்கள்.

நானும் முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன். கணக்குத் தப்பாகப் போட்ட பையனை 'எருமை' என்று எத்தனை முறை திட்டியிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. அந்தப் பையன்களில் பாதிப்பேர் காலையில் எருமை கறந்துவிட்டுப் பள்ளிக்கு வந்தவர்கள். அவர்களில் ஒருவர்கூட இன்று எருமை வைத்திருக்கவில்லை. அதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கலாம்.

தோடா எருமையைப் பற்றி நீலகிரியில் வாழும் தோடர்களே பேச வேண்டும். அவர்களுடைய கோயில் என்பதே பால் கடையும் இடம்தான், பூசாரி என்பவர் எருமை கறப்பவர்தான். எருமைக்கு உப்பு கொடுக்கவும் ஒரு சடங்கு வைத்திருக்கும் மக்கள் அவர்கள். அவர்களுடைய எருமை குறைந்ததற்குக் காரணம் வெளிப்படையானது. அது மேய்ந்த மலைப்புல்வெளியில் சீகையும் தைல மரமும் பைனும் தேயிலையும் வந்துவிட்டன. சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சிறு மந்தையை வைத்துக் காப்பது வேண்டியதுதான். ஆனால் புல்வெளி மீளாமல் மந்தை மீளாது.

எனக்கு நன்றாகத் தெரிந்தது பர்கூர் மலை. அங்கே லிங்காயத்து மக்களும் சோளகரும் வளர்க்கும் 'மலையெருமை'யை முதலில் பார்ப்பவர்கள் கன்று என்றே நினைப்பார்கள். உடல் சிறியது, நிறம் கரும்பழுப்பு, கால் குட்டையானது, கல்லும் முள்ளும் நிறைந்த சரிவில் ஆடுபோல ஏறும். நாளைக்கு ஓரிரு லிட்டருக்கு மேல் கறக்காது. ஆனால் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கேட்காது. காட்டுக்குள் பட்டி போட்டு மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். பட்டியில் சேரும் எருவைத் தரைப்பகுதி மஞ்சள் வயலுக்கு லாரியில் வாங்கிச் செல்வார்கள். பாலைவிட எருவே வருமானம் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அரியானாவின் ரோத்தக், ஹிசார் பக்கத்து முர்ராவின் விந்தூசியை இதற்குப் போட்டு 'தரம் உயர்த்த' முயன்றால், பிறக்கும் பெரிய உடல்காரக் கன்றுக்கு அந்த மலையில் தீனியும் இருக்காது, ஏறக் காலும் வராது. பர்கூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் கலந்த பர்கூர் மாட்டுக்குக் கிடைக்கும் கவனத்தில் சரிபாதியை அதே பட்டியில் அதனோடு நிற்கும் எருமைக்கும் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இங்கே வனத்துறையையும் விளிக்கிறேன். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்தது. பின்னர் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. அதன்பின் 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2024இன் தொடக்கத்தில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களின் காடு, 80,567 ஹெக்டேர் பரப்பில், தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் ஆயிற்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பர்கூர் எருமையின் நிலை என்ன என்று யாருக்கும் புரியும். சரணாலயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யானைக்கும் புலிக்கும் அந்தக் காடு வேண்டும். ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை ஒரு சமுதாய உரிமையாகவே ஏற்றுக்கொள்கிறது. அந்த உரிமையை முதலில் ஊர்க் கூட்டங்களின் வழியாகப் பதிவு செய்து, எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் எத்தனை உருப்படிகள் பட்டி போடலாம் என்று மலைமக்களோடு உட்கார்ந்து முடிவு செய்து, அதற்குப் பிறகே எல்லையில் ஆள் நிறுத்துவதுதான் முறை. இதே நாட்டில் அசாமின் காசிரங்காவிலும் மானசிலும் வீட்டெருமையின் காட்டு வடிவமான காட்டு நீரெருமையை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமென்று காக்கிறோம். அதன் வீட்டுவழி உறவொன்று பர்கூரில் காட்டை நம்பியே வாழ்கிறது. அது அருகுவதற்கு ஒரு காப்புச் சட்டமே காரணமாகிவிடக் கூடாது.

துறையின் ஆண்டுக் கொள்கை விளக்கக் குறிப்பைத் தொடர்ந்து வாசிப்பவன் என்ற முறையில் இன்னும் ஒன்று. அதில் 'கறவை மாடுகள்' என்ற சொல்லுக்குள் எருமையும் அடங்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படி அடக்கியதால்தான் அது காணாமல் போவது யார் கண்ணிலும் படவில்லை. எருமைக்கு எனத் தனித் தலைப்பு, தனி இலக்கு, தனி நிதி, அதற்குப் பொறுப்பான ஒரு அதிகாரியின் பெயர் ஆகிய இவை அந்தக் குறிப்பில் இடம்பெறட்டும். ஐந்து இலட்சம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். முறையாகக் கவனித்தால் மீட்டெடுக்கப் போதுமான எண்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டிக் கால்நடைச் சந்தை கூடும். குதிரைகளைப் பார்க்க வெளிமாநிலத்தவர்கூட வருவார்கள், அமைச்சர்களும் வந்திருக்கிறார்கள். குதிரை வரிசையையும் காங்கேயம் காளைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், சந்தையின் கடைசி ஓரத்துக்கும் ஒரு முறை வாருங்கள். பர்கூர்க்காரர் யாராவது இரண்டு மலையெருமைகளைப் பிடித்துக்கொண்டு நிழல் தேடி நின்றால், அவர் அருகில் நானும் நிற்பேன். ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வருவேன். அதன் முதுகில் நீங்களே ஊற்றிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
எருமை கட்டிய வீட்டுப் பிள்ளை,
அந்தியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்.